ஷாஃப்டில் அச்சிட்ட எழுத்து அளவுகோல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் ஆடுவோர் தங்களுக்கேற்ற டிரைவரை, அதாவது பந்தை மிகத் தொலைவுக்கு அடிக்கும் கிளப்பை (மட்டையை), எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தின் கருவிகளைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவோர் குறைவு. அந்த வகையில் கட்டுரையாளரின் முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல் அடித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால், கட்டுரையின் நடுவே கட்டம் கட்டிப் போட்டிருந்த அட்டவணையும், அதையொட்டி அவர் வந்திருக்கும் முடிவுகளும் வாசகரைத் தவறான இடத்திலிருந்து தொடங்க வைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். ஸ்விங்கின் (கிளப்பை வீசும் அசைவின்) வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால் 'ஏ', 85 முதல் 95 வரை 'ஆர்', 95 முதல் 105 வரை 'எஸ்', அதற்கு மேல் 'எக்ஸ்', பெண்களுக்கு 'எல்' என்று, கிளப்பின் தண்டான ஷாஃப்டின் விறைப்பை (மிக மென்மையானது 'எல்', மிக விறைப்பானது 'எக்ஸ்') அந்த அட்டவணை பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கிளப்புகளைப் பிரித்துக் கோத்து, ஷாஃப்ட் மாற்றிப் பழகிய ஓர் ஆட்டக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: டிரைவர் தேர்வில் இந்த எழுத்து கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

முதலாவதாக, அந்த எழுத்துகளுக்குப் பின்னால் பொதுவான அளவு எதுவும் கிடையாது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ அமைப்பும் டிரைவரின் தலை (பந்தைத் தாக்கும் பகுதி) எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கிளப் எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கெல்லாம் எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் 'ஆர்' என்று அச்சிட்ட ஷாஃப்ட் எவ்வளவு வளைய வேண்டும் என்று அவை எங்கும் சொல்லவில்லை, தயாரிப்பாளர்களும் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை. விறைப்பை அளக்க வழி இல்லாமல் இல்லை. ஷாஃப்டின் கைப்பிடிப் பக்கத்தை இறுக்கிப் பிடித்து, நுனியை அசைத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை அது அதிர்கிறது என்று எண்ணும் கருவி கிளப் கோக்கும் பட்டறைகளில் இருக்கிறது. நுனியில் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. அப்படி அளந்து பார்த்தால், ஒரு நிறுவனத்தின் 'ஆர்' இன்னொரு நிறுவனத்தின் 'எஸ்'ஸுக்கு நிகரான விறைப்போடு இருப்பதைக் காணலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில்கூட 50 கிராம் ஷாஃப்டின் 'எஸ்'ஸும் 70 கிராம் ஷாஃப்டின் 'எஸ்'ஸும் ஒன்றாக இருப்பதில்லை. அதிர்வெண்ணும் முழுக் கதையைச் சொல்லிவிடாது. கைப்பிடிப் பக்கம் எவ்வளவு விறைப்பு என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. நுனி மென்மையாக உள்ள ஒரு ஷாஃப்டும் நுனி இறுக்கமாக உள்ள ஒரு ஷாஃப்டும் அந்தக் கருவியில் ஒரே எண்ணைக் காட்டிவிட்டு, ஆட்டக்காரரின் கையில் வேறு வேறு ஷாஃப்டுகளாக நடந்துகொள்ளக்கூடும்.

இரண்டாவதாக, ஷாஃப்ட் வேகத்தை மட்டும் உணர்வதில்லை. அந்த வேகம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் உணர்கிறது. மணிக்கு 95 மைல் வேகத்தில் அடிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மேலே கொண்டுபோன கிளப்பை ஒரு கணம் நிதானித்து, மெல்லத் திருப்பி, கீழே வர வர வேகத்தைக் கூட்டுகிறார். மற்றவர் உச்சியிலேயே கிளப்பை வெடுக்கென்று இழுக்கிறார். பந்தின் அருகே இருவருக்கும் ஒரே வேகம்தான். ஆனால் திரும்பும் கணத்தில் ஷாஃப்டின் மேல் விழும் சுமை இரண்டாமவருக்கு மிக அதிகம். முன்னவருக்குப் பொருந்தும் ஷாஃப்ட் பின்னவரின் கையில் தலை எங்கே இருக்கிறதென்றே தெரியாதபடி தளர்ந்து போகலாம். மணிக்கட்டை முன்கூட்டியே விடுவிப்பவருக்கும் கடைசிவரை பிடித்து வைத்திருப்பவருக்கும் இடையிலும் இதே வேறுபாடு உண்டு. வேகத்தை மட்டும் கேட்டு ஷாஃப்ட் கொடுப்பது, வயதை மட்டும் கேட்டு மூக்குக்கண்ணாடி கொடுப்பதைப் போன்றது. சில சமயம் பொருந்திவிடும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

மென்மையான ஷாஃப்ட் சவுக்கைப் போல் சுண்டி விட்டுக் கூடுதல் தூரம் தரும் என்று கட்டுரை சொல்வதையும் இங்கே திருத்த விரும்புகிறேன். கீழ்நோக்கிய ஸ்விங்கின் தொடக்கத்தில் தலை பின்தங்குவதால் ஷாஃப்ட் பின்பக்கம் வளைவது உண்மை. ஆனால் பந்தை நெருங்கும்போது நடப்பது வேறு. டிரைவர் தலையின் ஈர்ப்பு மையம் ஷாஃப்டின் அச்சுக்கு நேராக இல்லாமல் சற்றுப் பின்னாலும் டோ பக்கமாகவும் (ஷாஃப்டிலிருந்து விலகிய முனைப் பக்கமாகவும்) அமைந்திருக்கிறது. தலை வேகமெடுக்கும்போது அந்த மையம் கைகளுக்கு நேர்கோட்டில் வந்து நிற்க முயல்கிறது. அதனால் ஷாஃப்ட் முன்பக்கமாக வளைகிறது, டோ பக்கம் சற்றுக் கீழே தாழ்கிறது. முன்பக்க வளைவு முகத்தின் (பந்தில் படும் பரப்பின்) சாய்வைக் கொஞ்சம் கூட்டி, முகத்தையும் கொஞ்சம் மூடுகிறது. ஆக, ஷாஃப்டின் மென்மை மாற்றுவது பெரும்பாலும் முகம் வந்து சேரும் நிலையைத்தான்; தலையின் வேகத்தில் அதனால் ஏற்படும் மாற்றம் சிறிது. தூரம் கூடியவர்களுக்குக் கூடியது ஏன் என்று பார்த்தால், பந்து எழும் கோணம் திருந்தியதும் மையத்தில் படுவது கூடியதுமே காரணமாக இருக்கும்.

பெண்களுக்கு 'எல்', மூத்தோருக்கு 'ஏ' என்று ஒட்டுமொத்தமாக எழுதியிருப்பது எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்த பகுதி. நல்ல உடல்வலுவோடு, கூர்மையாகத் திரும்பி அடிக்கும் ஒரு பெண்ணின் கையில் 40 கிராம் ஷாஃப்டைக் கொடுத்துவிட்டு, பந்து இடமும் வலமும் சிதறுவதற்கு அவருடைய ஸ்விங்கைக் குறை சொல்வது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மறுபுறம், 'சீனியர்' என்ற சொல் அச்சிட்டிருக்கிறது என்பதற்காகவே, தமக்கு நன்றாகப் பொருந்தும் ஷாஃப்டைத் தொட மறுக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் எழுத்தை அளவாக நம்புவதே. ஷாஃப்டைச் சோதிக்கும்போது அதன் மேலுள்ள எழுத்தையும் பெயரையும் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான யோசனை; எந்த ஷாஃப்டால் அடிக்கிறோம் என்பது தெரியாமல் அடிக்கும்போது கை பொய் சொல்வதில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது என்று வாசகர் கேட்கலாம். தலையின் லாஃப்டிலிருந்தும் (முகத்தின் சாய்வுக் கோணத்திலிருந்தும்) கிளப்பின் நீளத்திலிருந்தும்தான். டிரைவர் அடித்த பந்து எவ்வளவு தூரம் காற்றில் செல்லும் என்பதை முதன்மையாக மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: பந்தின் வேகம், அது எழும் கோணம், அதன் பின்சுழற்சி. பந்தின் பறப்பை அளக்கும் கருவிகளைச் செய்யும் டிராக்மேன் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டு, இன்றும் பலர் எடுத்தாளும் சராசரிகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் பிஜிஏ டூர் என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடும் ஆண்கள் மணிக்கு 113 மைல் வேகத்தில், 1.3 டிகிரி கீழ்நோக்கித் தாக்குகிறார்கள், பந்து 10.9 டிகிரியில் எழுந்து, நிமிடத்துக்கு 2,686 சுழற்சியோடு 275 யார்டு காற்றில் செல்கிறது. எல்பிஜிஏ டூரின் பெண்கள் 94 மைல் வேகத்தில், 3 டிகிரி மேல்நோக்கித் தாக்குகிறார்கள், பந்து 13.2 டிகிரியில் எழுந்து, 2,611 சுழற்சியோடு 218 யார்டு செல்கிறது. பொழுதுபோக்காக ஆடும் ஆண்களில் பெரும்பாலோரின் வேகம் இவற்றுள் எதை ஒட்டியது? இரண்டாவதைத்தான். ஆனால் அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்படுவதோ முதல் வகையினர் பிடிக்கும் 9 டிகிரி டிரைவருக்கு. 90 மைல் அளவில், அதுவும் சற்றுக் கீழ்நோக்கி அடிப்பவர், 9 டிகிரி முகத்தைக் கொண்டு பந்தைப் போதிய உயரத்துக்கு எழுப்ப முடியாது. தாழ்வாகப் புறப்படும் அந்தப் பந்து அவர் நினைக்கும் தூரத்துக்கு வெகு முன்பே இறங்கிவிடும். 10.5 டிகிரியோ 12 டிகிரியோ பிடிப்பதால் அவருடைய மானம் போய்விடாது; பந்து கூடுதலாகப் போகும்.

தாக்கும் கோணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது வியப்பளித்தது. டிரைவர் ஒன்றுதான் டீ என்னும் சிறு முளையின் மேல் உயர்த்தி வைத்த பந்தை மேல்நோக்கித் தாக்க இடம்கொடுக்கும் கிளப். பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேரே வைத்து, அதன் பாதியாவது டிரைவர் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி டீயை உயர்த்தினாலேயே பலருக்குப் பந்து எழும் கோணமும் சுழற்சியும் திருந்திவிடும். இதைச் சரி செய்யாமல் ஷாஃப்ட் தேடப் போகிறவர், தம் தவறுக்குப் பொருத்தமான ஷாஃப்டைத்தான் கண்டுபிடிப்பார்.

இப்போது வரும் டிரைவர்களில் தலையைக் கழற்றித் திருப்பி லாஃப்டை மாற்றும் வசதி இருப்பதைக் கட்டுரை புகழ்ந்திருக்கிறது. வசதிதான், ஆனால் அது லாஃப்டை மட்டும் மாற்றுவதில்லை. லாஃப்டைக் கூட்டும்போது, கிளப்பைத் தரையில் இயல்பாக வைத்தால் முகம் சற்று மூடிக்கொள்கிறது, குறைக்கும்போது திறந்துகொள்கிறது. ஏற்கெனவே பந்து வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் போகும் ஒரு வலக்கை ஆட்டக்காரர், 'சுழற்சி குறையட்டும்' என்று லாஃப்டைக் குறைத்தால், திறந்த முகம் அவருடைய ஸ்லைஸை இன்னும் வளர்த்துவிடக்கூடும். டிரைவரில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. பின்னர் அது வளைவதை, முகத்துக்கும் ஸ்விங்கின் பாதைக்கும் இடையிலுள்ள வேறுபாடும் பந்து முகத்தில் எங்கே பட்டது என்பதும் தீர்மானிக்கின்றன. ஆகவே முகம் ஒரு டிகிரி மாறுவது சிறிய விஷயம் அல்ல.

பந்து படும் இடம்தான் இந்தப் பேச்சு முழுவதற்கும் நடுநாயகம் என்று நான் கருதுகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலையின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு வேகம் பந்துக்குக் கிடைக்கிறது என்பதை ஸ்மாஷ் ஃபேக்டர் என்பார்கள். டிரைவரில் நன்றாகப் பட்ட அடிக்கு அது 1.5-ஐ ஒட்டி வரும். 95 மைல் வேகத்தில் அடிப்பவருக்கு அது 1.48 என்றால் பந்தின் வேகம் 140.6 மைல்; ஓரத்தில் பட்டு 1.40 ஆனால் 133 மைல். பந்தின் வேகத்தில் ஒரு மைலுக்கு ஏறத்தாழ இரண்டு யார்டு என்று வைத்தால், அதே ஸ்விங், அதே கிளப், 15 யார்டு நஷ்டம். எந்த ஷாஃப்ட் மாற்றமும் இவ்வளவைத் தருவது அரிது. அதோடு, வலக்கை ஆட்டக்காரர் ஹீல் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய முனையில்) அடித்தால் பந்து வலப்பக்கம் வளையும் சுழற்சியைப் பெறுகிறது. டோ பக்கம் அடித்தால் இடப்பக்கம். முகத்தின் மேற்பகுதியில் பட்டால் உயரமாகவும் சுழற்சி குறைந்தும் போகும். கீழ்ப்பகுதியில் பட்டால் தாழ்வாகப் புறப்பட்டுச் சுழற்சி மிகும். 'என் ஷாஃப்ட் மிகவும் மென்மை, அதனால் பந்து கட்டுக்குள் நிற்கவில்லை' என்று சொல்வோர் பலரின் டிரைவர் முகத்தில் உலர்ந்த பவுடர் ஸ்பிரே அடித்துப் பார்த்தால், தடங்கள் ஹீல் பக்கமாகக் கூடியிருக்கும். அவருடைய ஸ்லைஸில் பாதி அங்கே இருக்கிறது. அதற்கு விறைப்பான ஷாஃப்ட் மருந்தாகாது.

அந்தத் தடங்கள் சிதறிக் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீளத்தைத்தான். கடைகளில் விற்கும் ஆண்களுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் 45 முதல் 46 அங்குலம் வரை இருக்கின்றன. மரத்தலையும் எஃகு ஷாஃப்டும் இருந்த காலத்தில் 43 அங்குலம் வழக்கமான நீளம். எஃகு ஷாஃப்ட் 100 கிராமுக்கு மேல் எடை கொண்டது. 1970-ஐ ஒட்டி வந்த கிராஃபைட் ஷாஃப்ட் அந்த எடையைக் குறைத்ததால்தான் கிளப்பை நீட்டிக்கொண்டே போக முடிந்தது. நீளம் கூடினால் தலையின் வேகம் கொஞ்சம் கூடும் என்பதும், தூரத்தைச் சொல்லியே டிரைவர்கள் விற்பனையாகின்றன என்பதும் சேர்ந்து இன்றைய நீளத்தை உண்டாக்கியிருக்கின்றன. உலகின் மிகத் திறமையான ஆட்டக்காரர்களில் பலரே 45 அங்குலத்தையோ அதற்குச் சற்றுக் குறைவானதையோ பிடிக்கும்போது, வாரத்துக்கு ஒரு நாள் ஆடுபவருக்கு 46 அங்குலத்தை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2017-ல் ரிக்கி ஃபவுலர் தம் டிரைவரை 43.5 அங்குலத்துக்குக் குறைத்துக்கொண்டு ஆடினார். ஃபில் மிக்கல்சன் 2021-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது 48 அங்குலத்தை நெருங்கிய டிரைவரை வைத்திருந்தார் என்பதைச் சொல்லி என்னை மடக்கலாம். அவர் ஒரு விதிவிலக்கு. பொது விதி அனுமதிக்கும் உச்ச நீளம் 48 அங்குலம் என்றாலும், உயர்நிலைப் போட்டிகள் விரும்பினால் 46 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள 2022 ஜனவரி முதல் ஒரு தனி உள்விதி நடைமுறையில் இருக்கிறது.

நீளத்தைச் சோதிக்க எதையும் வெட்ட வேண்டியதில்லை. கைப்பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஸ்பிரே அடித்துவிட்டு, சில பந்துகள் அடித்தால் போதும். தடங்கள் மையத்தில் கூடினால் நீளத்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு விஷயம். அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை கைக்குத் தரும் கனத்தின் அளவு; இதில் சி9-க்கு அடுத்த புள்ளி டி0) ஏறத்தாழ மூன்று புள்ளி குறையும். டி2 என்று இருந்த கிளப்பில் ஓர் அங்குலம் குறைத்தால் அது சி6 ஆகிவிடும், தலை இருப்பதே கைக்குத் தெரியாது. தலையில் இரண்டு கிராம் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு புள்ளி திரும்ப வரும் என்பதால், பழைய கனத்தைத் திரும்பப் பெற 12 கிராம் அளவுக்கு எடை சேர்க்க வேண்டியிருக்கும். கழற்றி மாட்டும் எடைத் திருகுகள் உள்ள டிரைவர்களில் இது எளிது. மற்றவற்றில் ஈய ஒட்டுத்தாள் ஒட்டலாம், பார்க்க அழகாக இருக்காது, வேலையைச் செய்யும்.

எந்த நிறுவனத்தின் தலை என்பதில் கட்டுரை செலவழித்திருக்கும் இடம் எனக்கு அதிகமாகப் பட்டது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 2004 முதல் இருக்கிறது. முகம் பந்தை எவ்வளவு உந்தலாம் என்பதற்கும், ஓரத்தில் படும்போது தலை திரும்பிப் போவதை எதிர்க்கும் நிலைமத்துக்கும் வரம்புகள் உண்டு. பெரிய நிறுவனங்கள் எல்லாம் அந்த வரம்புகளை ஒட்டியே தயாரிக்கின்றன. ஆகவே மையத்தில் பட்ட பந்துக்கு ஒரு தலையும் இன்னொரு தலையும் தரும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருக்க இடமில்லை. ஆண்டுதோறும் பத்து யார்டு கூடுதல் என்று வரும் வாக்குறுதிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்நேரம் எல்லோரும் 400 யார்டு அடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலைகள் உண்மையில் வேறுபடுவது ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதில். எடையைப் பின்னால் தள்ளிய தலை, ஓரத்தில் பட்ட பந்தையும் ஓரளவு நேராக அனுப்பும், பந்தை உயர எழுப்பும். முன்னால் கொண்டுவந்த தலை சுழற்சியைக் குறைக்கும், ஆனால் தவறை அவ்வளவாக மன்னிக்காது. ஹீல் பக்கம் எடை சேர்த்தது முகம் மூடிக்கொள்ள உதவும். நம் தவறு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் இந்த மூன்றில் எது வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

இவையெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகே ஷாஃப்டைப் பற்றிப் பேச வேண்டும். அதிலும் எடையைத்தான் முதலில் பேச வேண்டும். டிரைவருக்கான கிராஃபைட் ஷாஃப்டுகள் 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை கிடைக்கின்றன. வெடுக்கென்று இழுக்கும் ஆட்டக்காரரின் கையில் மிக இலேசான ஷாஃப்ட் அவருடைய அவசரத்தை இன்னும் தூண்டிவிடும். சற்றுக் கனமானது அவரை நிதானப்படுத்தும். நிதானமாக ஆடுபவர் இலேசான ஷாஃப்டால் சிரமமின்றி வேகம் பெறலாம். கனம் மிகுந்தது முதல் ஒன்பது குழிகளில் நன்றாகவே தோன்றும். கடைசி ஐந்தாறு குழிகளில் தோள் தளர்ந்தபின் பந்து வலப்பக்கம் நழுவத் தொடங்கும்போதுதான் விஷயம் புரியும். சோதனைக் கூடத்தில் இருபது நிமிடம் அடித்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அயர்ன் எனப்படும் குறுந்தூர கிளப்புகளின் ஷாஃப்ட் என்ன எடை என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். அவை 120 கிராம் எஃகாக இருக்க, டிரைவர் மட்டும் 40 கிராம் என்றால் ஒரே ஆட்டத்தில் இரண்டு ஸ்விங் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எடை பிடிபட்ட பிறகு விறைப்பு. இங்கேயும் வேகத்தோடு திரும்பும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தே அது முடிவாக வேண்டும். டார்க் என்பது ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்பதன் அளவு. டிரைவர் ஷாஃப்டுகளில் அது பெரும்பாலும் 3 டிகிரிக்கும் 6 டிகிரிக்கும் இடையே இருக்கும், கை உணர்வை மாற்றும். கிக் பாயிண்ட் எனப்படும் வளைவு இடத்தைக் கட்டுரை பெரிதாகப் பேசுகிறது. ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் அந்த இடம் நகர்வது சில அங்குலங்களுக்குள்தான். அதனால் பந்து எழும் கோணம் மாறுவதும் பெரும்பாலோருக்கு ஒரு டிகிரி அளவில்தான். ஒரு டிகிரி லாஃப்ட் மாற்றினால் கிடைப்பதை அங்கே போய்த் தேட வேண்டியதில்லை.

ஃபிட்டிங் எனப்படும் சோதனையைப் பற்றி. பந்தின் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் நல்ல கருவி; ஆனால் எதை அடித்து எப்படி அடித்தோம் என்பதைப் பொறுத்தே அது சொல்வதற்கு மதிப்பு. பயிற்சித் திடலின் தேய்ந்த ரேஞ்ச் பந்துகளை அடித்து எடுத்த சுழற்சி அளவு, நாம் ஆடும் பந்துக்குப் பொருந்தாது. உடல் சூடாவதற்கு முன் அடித்தவற்றையும், களைத்த பின் அடித்தவற்றையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. திரையில் எண் தெரிந்தவுடன் எல்லோருக்கும் ஓர் ஆவேசம் வந்து, மைதானத்தில் ஒருபோதும் அடிக்காத வேகத்தில் அடிக்கத் தொடங்கிவிடுகிறோம்; அந்த வேகத்துக்கு வாங்கிய ஷாஃப்ட் பிறகு மைதானத்துக்கு உதவாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இப்போது வைத்திருக்கும் பழைய டிரைவரையும் அதே நாளில், அதே பந்தில், புதியவற்றின் நடுநடுவே அடித்துப் பார்க்க வேண்டும். புதிய ஷாஃப்டுக்கு ஏற்ப நம் கை சில அடிகளிலேயே தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால் ஒரு ஷாஃப்டை அடித்துவிட்டு, வேறொன்றுக்குப் போய், மறுபடி முதலாவதற்குத் திரும்பி வந்தாலொழிய அது தந்த பலன் அதனுடையதா, அந்த நேரத்துக் கையினுடையதா என்று சொல்ல முடியாது.

முடிவு செய்யும்போது மிக நீண்ட ஒரே அடியைப் பார்த்து மயங்குவது பொதுவான வழக்கம். கட்டுரையும் 'அதிகபட்ச தூரம்' என்ற அளவையே பயன்படுத்தியிருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது சிதறலை. அடித்த எல்லாப் பந்துகளுக்கும் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை எவ்வளவு அகலம், மோசமான அடிகள் எவ்வளவு மோசம், காற்றில் சென்ற சராசரி தூரம் என்ன என்ற மூன்றும் தெரிந்தால், எந்தக் கிளப்போடு டீயில் போய் நிற்கலாம் என்பது தெரியும். சராசரி ஐந்து யார்டு குறைந்தாலும் அகலம் பதினைந்து யார்டு குறுகினால் அதையே நான் எடுப்பேன். மரங்களுக்குள் போன 250 யார்டு பந்தை விட ஃபேர்வே எனப்படும் சீரான புல்பாதையில் நிற்கும் 235 யார்டு பந்திலிருந்து அடுத்த அடியை அடிப்பது எளிது என்பதை ஆடுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயிற்சியாளரிடம் ஸ்விங்கை மாற்றிக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் அந்த மாற்றம் நிலைக்கும் வரை இந்தச் செலவைத் தள்ளிப் போடுவது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிரைவரோடு சேர்ந்து வரும் ஷாஃப்டில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் அதே பெயரும் அதே வண்ணமும் இருக்கலாம். ஆனால் தனியாக விற்கப்படும் அந்த ஷாஃப்டும் இதுவும் பல சமயம் ஒரே அமைப்பில் செய்யப்பட்டவை அல்ல. எடையும் டார்க்கும் ஒன்றா என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மற்றொன்று, ஷாஃப்டின் நுனியில் பொருத்தும் அடாப்டர் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒன்றின் ஷாஃப்டை மற்றொன்றின் தலையில் அப்படியே மாட்ட முடியாது, அடாப்டரைச் சூடாக்கிக் கழற்றி வேறு ஒட்ட வேண்டும். சோதனை முடிந்ததும் நீளம், லாஃப்ட், ஸ்விங் வெயிட், ஷாஃப்டின் எடை, நுனியில் எவ்வளவு வெட்டப்பட்டது, கைப்பிடியின் பருமன் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டால், வந்து சேரும் கிளப் நாம் அடித்துப் பார்த்ததுதானா என்று சரிபார்க்க முடியும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த அட்டவணையை மறுபடியும் வெளியிடுவதாக இருந்தால், வேகம் என்ற பத்திக்குப் பக்கத்தில் தாக்கும் கோணத்துக்கும், முகத்தில் பந்து படும் இடத்துக்கும் ஒவ்வொரு பத்தி சேர்க்கும்படியும், விறைப்பு எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்ற குறிப்பை அதன் அடியில் அச்சிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்